தொழிற்சாலை அதிகம், கையில் காசு குறைவு: ஒரு அம்பத்தூர்க் கணக்கு

கேள்வி இதுதான்: நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் தமிழ்நாட்டில் என்கிறார்கள். ஆனால் சென்னைத் தொழிற்பேட்டைகளான அம்பத்தூரிலோ திருமுடிவாக்கத்திலோ லேத் பட்டறை வைத்திருப்பவரைக் கேட்டால் "ஆர்டர் இருக்கு, காசுதான் இல்லை" என்கிறார். எது உண்மை? நாலு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) வாங்கிப் போட்டு இந்தத் தொழிலில் இறங்கலாமா?

இரண்டுமே உண்மை. ஒன்றுக்கு மற்றது காரணம் என்றே சொல்வேன்.

மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வை எடுத்தால், 2022-23ல் நாட்டின் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. எண்ணிக்கையில் முதலிடம், வேலை பார்ப்பவர் எண்ணிக்கையிலும் முதலிடம். உற்பத்தி மதிப்பு என்று வந்தால் குஜராத்தும் மகாராஷ்டிரமும் முன்னே போய்விடும். குஜராத்தில் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ கெமிக்கல் என்று ஒரே வளாகத்தில் மலை மாதிரி முதலீடு. இங்கே அப்படியில்லை. சின்னதும் நடுத்தரமுமாக ஆயிரக்கணக்கான யூனிட்கள், ஒன்று செய்ததை இன்னொன்று வாங்கி மேலே அனுப்பும் அமைப்பு. திருப்பூர் பனியன், கோவை பம்ப், ஆம்பூர் தோல், சென்னை வாகன உதிரிபாகம் எல்லாம் இதே கதைதான். அடுக்கு கூடக்கூடத் தொழிற்சாலை எண்ணிக்கை கூடும். அதே சமயம் ஒவ்வொரு அடுக்கிலும் பணம் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டுத்தான் கீழே இறங்கும்.

இந்த அடுக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களின் தொடக்கத்தில், உள்நாட்டில் படிப்படியாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாத வாகன கம்பெனிகளுக்கு இடமில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அப்போது வெளியேறின. இருந்தவர்களுக்கு உள்ளூர்ப் பாகம் தேவைப்பட்டது. எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் 1955ல் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று வாங்குபவர்கள் வரிசையாக வந்தார்கள். காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது, 1958ல் கிண்டி எஸ்டேட் திறந்தது. 1960களில் அம்பத்தூர். அதை ஒட்டிப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. இந்த மூன்றுக்கும் போல்ட், பின், புஷ் கடைந்து கொடுத்தே வளர்ந்த பட்டறைகள்தான் அம்பத்தூரின் அடித்தளம்.

1996க்குப் பிறகு படம் மாறியது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது தன்னோடு கொரிய சப்ளையர்களையும் அழைத்து வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கார் கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பவர் டியர் 1, அவருக்குக் கொடுப்பவர் டியர் 2, அவருக்கு ஒரே ஒரு ஆபரேஷன் மட்டும் செய்து தருபவர் டியர் 3. உள்ளூர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை இரண்டிலும் மூன்றிலும்தான் நின்றன. நீங்கள் நாலு சிஎன்சியோடு இறங்கினால் உங்கள் இடமும் அதுதான்.

இனி ஒரு பீஸை எடுத்துப் பார்ப்போம். கீழே வரும் ரேட்டெல்லாம் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிவிட்டம் 32 மி.மீ., உள்துளை 20, நீளம் 40 உள்ள ஒரு புஷ், ஈஎன்8 என்ற எஃகு ராடில். 35 மி.மீ. ராடு எடுக்க வேண்டும். கட்டிங் டூல் தின்பது 3 மி.மீ., முகம் தட்ட 1 மி.மீ., ஆக ஒரு பீஸுக்கு 44 மி.மீ. நீளம், எடை சுமார் 332 கிராம். முடிந்த புஷ் 154 கிராம்தான். மிச்சம் 178 கிராம் சுருளாகத் தொட்டியில் விழுகிறது. ராடு கிலோ 70 ரூபாய் என்றால் 23.25. ஸ்கிராப் கிலோ 30க்குப் போனால் 5.35 திரும்ப வரும். மெட்டீரியல் செலவு 18 ரூபாய். சைக்கிள் டைம் 90 விநாடி, ஏற்றி இறக்க 15 விநாடி. 85 சதவீதம் ஓடினால் மணிக்கு 29 பீஸ். மெஷின் மணிக்கு 450 என்று போட்டால் பீஸுக்கு 15.50. பேக்கிங், வண்டி 1.50. ஆக 35. ரிஜெக்‌ஷன் 2 சதவீதம், ஓவர்ஹெட்டும் லாபமும் சேர்த்து 12 சதவீதம் போட்டால் 39.90 வரும். வாங்குபவர் ரவுண்டாக 40 என்று முடிப்பார், அல்லது 38க்கு இழுப்பார். ஓவர்ஹெட் போக உங்கள் கையில் நிற்பது ஒரு பீஸுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2 ரூபாய் எங்கெல்லாம் ஒழுகும்? முதல் இடம் எண்ட் பிட். 3 மீட்டர் ராடில் கடைசி 150 மி.மீ. சக்கில் பிடிக்கவே போய்விடும். அது 5 சதவீதம். ராடு விலைக்கும் ஸ்கிராப் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பீஸுக்கு 66 பைசா. கொட்டேஷனில் இதை எழுதாதவர்கள் ஏராளம், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காலி. எண்ட் பிட்டை நீளவாரியாகப் பிரித்து வைத்துச் சின்ன வாஷருக்கோ ஸ்பேசருக்கோ ஓட்டுபவர்கள் கொஞ்சம் மீட்கிறார்கள். இரண்டாவது, இரும்பு விலை. கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 1.66. மெட்டீரியல் விலை மாற்றத்தைப் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒரு முறைதான் ஒத்துக்கொள்வார்கள், அதுவரை உங்கள் பை. முன்தேதியிட்டு வித்தியாசத் தொகை தருவதாகச் சொன்னால் அது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மில்லின், எந்த மாத விலை அடிப்படை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஷிஃப்ட். 20 லட்சம் கடனில் மெஷின் வாங்கி 11 சதவீத வட்டியில் 60 மாதம் கட்டினால் தவணை 43,500 ரூபாய். இரண்டு ஷிஃப்ட் ஓடி மாதம் 340 மணி நேரம் கிடைத்தால் மணிக்கு 128 ரூபாய். ஒரு ஷிஃப்டுக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் 256. பொங்கலுக்கு உள்ளூர்ப் பையன்களும், சத் பூஜைக்குப் பிகார்ப் பையன்களும் ஊருக்குப் போகும் வாரங்களில் இந்த வித்தியாசம் நேராகத் தெரியும்.

மெட்டீரியல் போட்டுச் செய்ய முதல் இல்லை, ஜாப் ஒர்க் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் ரிஜெக்‌ஷன் கணக்கைப் பார்த்துவிட்டு. வேலை தருபவர் டிசி (டெலிவரி சலான்) போட்டு ஒரு காஸ்டிங்கை (வார்ப்பை) அனுப்புகிறார், விலை 380 ரூபாய். நீங்கள் நாலு துளை போட்டு டேப் அடிக்க (மரை வெட்ட) கூலி 14 ரூபாய். ஒரு பீஸில் டேப் உடைந்து உள்ளே நின்றால் 380ஐ உங்கள் பில்லில் கழித்து டெபிட் நோட் வரும். 27 பீஸின் கூலி போயிற்று. இதில் அடிக்கடி சண்டை வருவது புளோ ஹோலில். துளை போடும்போதுதான் காஸ்டிங்கின் உள்ளே இருக்கும் ஓட்டை தெரியும். அது வார்த்துக் கொடுத்த ஃபவுண்ட்ரியின் குறை, உங்களுடையது அல்ல. ஆனால் அந்தப் பீஸைத் தனியாக வைத்து, பெயின்ட் அடித்து, அன்றன்றைக்கே "காஸ்டிங் ரிஜெக்‌ஷன்" என்று தனி டிசியில் திருப்பி அனுப்பாவிட்டால் மாதக் கடைசியில் எல்லாமே "மெஷினிங் ரிஜெக்‌ஷன்" தலையில் விழும். ஜிஎஸ்டி சட்டப்படி ஜாப் ஒர்க்குக்கு வந்த பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் டிசி கணக்கு சரியாக இருப்பது அனுப்பியவருக்கும் தேவைதான். அந்தப் பிடி உங்களிடம் இருக்கிறது.

இப்போது நாள் கணக்கு. பட்டறைகள் படுப்பது பெரும்பாலும் இங்கேதான், விலையில் அல்ல.

மாதம் 20 லட்சத்துக்கு பில் போடும் ஒரு யூனிட். ஆண்டுக்கு 2.4 கோடி. 18 சதவீத ஜிஎஸ்டியோடு மாத பில் 23.6 லட்சம். மெட்டீரியல் மாதம் 11 லட்சம். வாங்குபவர் 60 நாள் என்று எழுதி, சரக்கு வந்ததைப் பதியும் ஜிஆர்என் போட ஒரு வாரம், பேமென்ட் ரன் மாதத்துக்கு இரண்டு தடவைதான் என்று இழுத்து 75 நாளில் பணம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நேரத்திலும் வெளியே நிற்பது 59 லட்சம். ராடு ஸ்டாக் அரை மாதத்துக்கு 5.5 லட்சம். ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் முடிந்த சரக்கும் 6 லட்சம். ராடு வியாபாரி 15 நாள் கடன் தந்தால் 6.5 லட்சம் கழியும். நிகரத் தேவை 64 லட்சம். வங்கி சின்ன யூனிட்களுக்கு வழக்கமாகப் பார்ப்பது ஆண்டு விற்பனையில் 20 சதவீதம், அதாவது 48 லட்சம் சிசி (கேஷ் கிரெடிட்) லிமிட். துண்டு விழுவது 16 லட்சம். அதே வாங்குபவர் 45 நாளில் பணம் போட்டால்? வெளியே நிற்பது 35.4 லட்சம், நிகரத் தேவை 40 லட்சத்துச் சொச்சம். லிமிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு ரூபாய்கூட விலை ஏற்ற வேண்டாம்.

அந்த 16 லட்சம் எங்கிருந்து வரும்? நகைக்கடன், வீட்டுப் பத்திரம், இல்லையென்றால் இரண்டு வட்டிக்கு வெளியில். 16 லட்சத்துக்கு 24 சதவீதத்தில் ஆண்டுக்கு 3.84 லட்சம். 45 நாளைவிடக் கூடுதலாக நிற்கும் தொகையில் வங்கிப் பணமாக இருக்கும் மீதிக்கு வட்டி இன்னொரு 84 ஆயிரம். விற்பனையில் 5 சதவீதம் லாபம் என்றால் 12 லட்சம். அதில் 4.7 லட்சம் இப்படிப் போகிறது. போதாதற்கு ஜிஎஸ்டி. நீங்கள் பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வரியைக் கட்டியாக வேண்டும், வாங்குபவர் பணம் தந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பணம் முடை வந்தால் முதலில் தள்ளிப்போடப்படுவது ஜிஎஸ்டியும் பிஎஃபும்தான். சரிவு அங்கேதான் தொடங்கும். ரிட்டர்ன் போடாவிட்டால் வாங்குபவருக்கு வரிக் கிரெடிட் போகாது, அதைக் காட்டி அவர் பேமென்ட்டை நிறுத்துவார், மறு மாதம் இன்னும் முடை.

சட்டம் என்ன சொல்கிறது? 2006ன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பணம் தர எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. "60 நாள்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45தான் செல்லும். சரக்கு வாங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஆகவே "ஜிஆர்என் இன்னும் போடவில்லை" என்பது சட்டத்தின் முன் நிற்காத சாக்கு. கேட் என்ட்ரி முத்திரை பதித்த டிசி நகலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் தகராறு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றும் காகிதம் அது.

இதற்கெல்லாம் உத்யம் என்ற எம்எஸ்எம்இ அரசுப் பதிவு முதலில் வேண்டும், அதுவும் சப்ளைக்கு முன்பே. பதிவு இலவசம். "எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவரிடம் போக வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு கூடியிருக்கிறது: முதலீடு 2.5 கோடி, விற்பனை 10 கோடி வரை குறு. 25 கோடி, 100 கோடி வரை சிறு. உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். காரணம், 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரியில் ஒரு பிடி வந்திருக்கிறது. குறு, சிறு யூனிட்டுக்குக் காலக்கெடுவுக்குள் பணம் தராதவர், பணத்தைத் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் திடீரென்று உங்கள் கணக்கில் பணம் விழுந்தால் அதற்குக் காரணம் இதுதான். நடுத்தர யூனிட்டுக்கும் வெறும் வியாபாரிக்கும் இது பொருந்தாது.

பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் போட்டால் அது வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து அவர்கள் எதிர்த்து நீதிமன்றம் போனால், 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பலமான சட்டம். ஆனாலும் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் புகார் போடுவதில்லை. போட்டால் அடுத்த மாதம் ஷெட்யூல் (மாத ஆர்டர் அளவு) பூஜ்யம் ஆகும் என்ற பயம் நியாயமானதுதான். உறவு முடிந்த பிறகு பழைய பாக்கியை வசூலிக்க இது நல்ல கருவி, ஓடும் உறவில் பயன்படாது என்பது என் கருத்து.

ஓடும் உறவுக்கு ட்ரெட்ஸ் (பில்லைக் காட்டி முன்னதாகப் பணம் வாங்கும் இணையதளம்) பரவாயில்லை. பில்லைத் தளத்தில் ஏற்றி, வாங்குபவர் ஒப்புக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்கும். எடுக்கும் வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு ஓரிரு நாளில் பணம் போடும். வாங்குபவர் கடைசியில் பணம் தராவிட்டாலும் உங்களைத் திரும்பக் கேட்க முடியாது. வட்டி வாங்குபவரின் தரத்துக்கு ஏற்ப வரும் என்பதால் உங்கள் சிசியைவிடக் குறைவாகவே இருக்கும். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தே ஆக வேண்டும். கவனிக்க: பதிவுதான் கட்டாயம், உங்கள் பில்லை ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். ஆகவே விலை பேசும் மேஜையிலேயே "ட்ரெட்ஸில் ஏற்றுவீர்களா" என்று கேளுங்கள். ஏற்றுவேன் என்பவருக்குப் பீஸுக்கு 50 பைசா குறைத்துக் கொடுத்தாலும் லாபம்தான்.

டூலிங் பணம் இன்னொரு பொறி. ஒரு பாகத்துக்கென்றே செய்யும் டை (அச்சு), ஃபிக்ஸ்சர் (பிடிப்பான்) செலவு 12 லட்சம், அதை 3 லட்சம் பீஸில் பீஸுக்கு 4 ரூபாயாகக் கழித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மாடல் 1.8 லட்சம் பீஸோடு நின்றால் 4.8 லட்சம் உங்களிடம் சிக்கிக்கொள்ளும். மாடல் நிற்பது அபூர்வமான விஷயம் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022ல் மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. அந்த மாடல்களுக்கென்றே டை வைத்திருந்த கீழ் அடுக்குகள் வரை அது இறங்கியது. "எத்தனை மாதத்தில் எண்ணிக்கை முடியாவிட்டால் மீதியை மொத்தமாகத் தருவோம்" என்று ஒரு வரி பர்ச்சேஸ் ஆர்டரில் வேண்டும். ஒரே கஸ்டமரிடம் விற்பனையில் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள்.

கரண்ட் விஷயம்: ஒரு வரம்பு வரை எல்டி (தாழ்வழுத்த) இணைப்பு. நாலு டர்னிங் சென்டர், ஒரு கம்ப்ரஸர் என்றால் அதற்குள் தாராளமாக அடங்கும். எச்டிக்கு (உயரழுத்தத்துக்கு) போனால் டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் செலவு. மெஷின் ஓடாத மாதத்திலும் ஒப்பந்த டிமாண்டில் (கேட்டு வாங்கிய மின்சுமையில்) 90 சதவீதத்துக்கு டிமாண்ட் கட்டணம் கட்ட வேண்டும். ஆர்டர் வரும் என்று நம்பி டிமாண்டைக் கூட்டி வாங்கிவிடாதீர்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகு நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமும் கணிசமானவை. மெஷின் மணிக்கு இவ்வளவு என்று போடும்போது யூனிட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போகலாமா என்றும் கேட்பார்கள். 2024-25ல் தமிழ்நாட்டின் எலெக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,400 கோடி டாலரைத் தாண்டியது, நாட்டில் முதலிடம். ஆனால் போனின் உள்ளே போகும் பாகங்களில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதி. சின்னப் பட்டறைக்கு அங்கே உள்ள வேலை ஜிக், ஃபிக்ஸ்சர், டிரே, லைன் ஸ்பேர். எண்ணிக்கை குறைவு, விலை நன்றாக இருக்கும், அவசரம் அதிகம். வாகனத்திலேயே இருப்பதென்றால் மின் வாகனத்தில் காணாமல் போகும் பாகத்துக்காக மெஷின் வாங்காதீர்கள். வால்வ் கைடு, இன்ஜெக்டர் பாடி, கிளட்ச் பாகம் எல்லாம் அந்தப் பட்டியல். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களுக்கு எந்த வண்டியானாலும் வேலை இருக்கும்.

கடைசியாக, இடம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைத் தொழிற்பேட்டைகளுக்குள் தண்ணீர் நின்றது. அம்பத்தூர் எஸ்டேட் 2023ல் மோசமாக மாட்டியது. ஷெட் வாடகைக்குப் பார்க்கும்போது பக்கத்துச் சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைத் தேடிப் பாருங்கள், டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள். ஸ்டெபிலைசர், யுபிஎஸ், மெயின் பேனல் மூன்றையும் அந்தக் கோட்டுக்கு மேல் ஆங்கிள் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். இன்ஷூரன்ஸில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள், ஏஜெண்ட் வாய்வார்த்தை போதாது. மெஷினை இன்றைய புது விலைக்குக் காட்டுங்கள். 24 லட்சம் மெஷினை 12 லட்சம் என்று காட்டிப் பிரீமியம் மிச்சம் பிடித்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் வரும். ஜாப் ஒர்க்குக்கு வந்து உங்கள் ஷெட்டில் கிடக்கும் அடுத்தவர் காஸ்டிங்குகளையும் பாலிசியில் தனியாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவை துருப்பிடித்த பிறகு வரும் டெபிட் நோட்டு முழுவதும் உங்கள் கணக்கில்தான்.